"இனி போட்டில்லா" என்று சொன்ன கம்ப்யூட்டர்

சுக்கு வாசனையும் ஏசி குளிரும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் Turbo C-யின் நீலத் திரைதான் கண்ணில் வந்து நிற்கும்...

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு சுக்கு குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும். கீழே சாக்கு மூட்டை இறக்கும் சத்தம், மேலே கீபோர்டு சத்தம். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்.

அந்த வருஷம் சென்டரில் எக்ஸிபிஷன் வைத்தார்கள். ஆளாளுக்கு ஒரு ப்ரோக்ராம். எல்லாரும் கால்குலேட்டர், குவிஸ் என்று போக, நான் போட்டு நேரம், அதாவது காயலைத் தாண்டி அக்கரைக்குப் போகும் படகின் நேரம் சொல்லும் ப்ரோக்ராம் எழுதினேன். படகுத்துறையில், எங்கள் பேச்சில் ஜெட்டியில், போர்டில் இருந்த நேரத்தையெல்லாம் boat.txt என்று ஒரு ஃபைலில் அடித்து வைத்தேன். மணி என்ன என்று ப்ரோக்ராம் கேட்கும். சொன்னால், ஃபைலைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, எர்ணாகுளத்துக்கு அடுத்த போட்டு எப்போது என்று காட்டும். எதுவும் கிடைக்காவிட்டால் INI BOAT ILLA. மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பதுதான் அப்போது எங்கள் ஸ்டைல்!

விளையாட்டாக எழுதியது இல்லை அது. அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், எர்ணாகுளம் பிராட்வேயில் பாத்திரக்கடை. "டிகிரி முடிச்சாச்சு, கடைல வந்து உக்காரட்டும்" என்பது அவர் கட்சி. அம்மாதான் மல்லுக்கட்டி என்னைச் சேர்த்துவிட்டாள். "எக்ஸிபிஷன் முடியட்டும். அடுத்த செமஸ்டர் வேணுமா வேணாமான்னு அப்புறம் பாப்போம்" என்று அத்தா இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்.

அன்றைக்கு முதலில் சார் வந்து நேரத்தை அடித்தார். டக்கென்று சரியான பதில். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோழி ஷைனியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சாயா சொல்லக் கீழே போனேன். ஷைனி திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். போட்டு சமாசாரம் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா வந்திருக்கிறாள்... கையில் அத்தாவின் சாப்பாட்டு கேரியரோடு.

தினமும் மதியம் போட்டில் எர்ணாகுளம் போய் கேரியரைக் கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. மகள் செய்ததைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஏறி வந்தவள், ஷைனியிடம் மணியைச் சொல்லியிருக்கிறாள். திரையில் INI BOAT ILLA.

"ஆண்டீ, இனி போட்டில்லா கேட்டோ" என்றாளாம் ஷைனி.

நான் சாயாவோடு மேலே வந்தபோது ஷைனி விஷயத்தைச் சொன்னாள். அந்த நேரத்துக்கு போட்டு உண்டே! ஜெட்டிக்கு ஓடினேன். போட்டு நின்றுகொண்டிருந்தது. அம்மா இல்லை.

அவள் பஸ் ஏறித் தோப்பும்படி வழியாகச் சுற்றிப் போயிருந்தாள். பாலத்தில் வண்டிகள் பிளாக். ஜன்னல் வழியே பார்த்தால், அவள் தினமும் ஏறுகிற போட்டு தூரத்தில் காயலில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்ததாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலுமணிச் சாயா குடிக்கும்போது எங்கள் அத்தா ஆறிப்போன மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "தினம் போற போட்டு! ஜெட்டி என்ன காசர்கோட்லயா இருக்கு? ஒரு எட்டு போய்ப் பாத்தா என்ன?"

அம்மா அரிசி களைவதை நிறுத்தவே இல்லை. "எம் மக எழுதினது இல்லன்னு சொல்லிச்சு. பின்ன நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்?"

அவள் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்...

"என்னதான்டி ஆச்சு உன் கம்ப்யூட்டருக்கு?" அத்தா என் பக்கம் திரும்பினார்.

தப்பு எங்கே என்று மதியமே கண்டுபிடித்திருந்தேன். வீட்டுப் பாஷையில் சொன்னேன். "ஃபைலு போட்டு மாதிரி அத்தா. சார் கேட்டப்போ கடைசி வரி வரைக்கும் போயிடுச்சு. அதாவது எர்ணாகுளம் ஜெட்டிக்குப் போயிடுச்சு. திரும்பி இங்க வான்னு நான் சொல்லல. அம்மா கேட்டப்போ அது அங்கயே நிக்குது. அதுக்கப்புறம் படிக்க ஒண்ணும் இல்ல, அதான் இல்லன்னு சொல்லிடுச்சு."

"முன்னாடி நீ பாக்கலயா?"

"பாத்தேன் அத்தா. ஒருதரம் கேட்டுட்டு மூடிடுவேன். மறுபடி தொறந்தா மொதல்லேர்ந்துதான வரும்... ரெண்டாவது ஆளு வந்து கேட்பாங்கன்னு தோணல."

"வான்னு சொல்ல எவ்வளவு எழுதணும்?"

"ஒரே வரி. rewind."

அத்தா தாடியைத் தடவினார். "அடுத்த செமஸ்டர்லயாவது இதெல்லாம் முன்கூட்டியே சொல்லித் தருவாங்களா, இல்ல அதுக்கும் உங்கம்மாவ பஸ் ஏத்தணுமா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

இப்போது காக்கநாட்டில் ஐடி வேலை. பைத்தானில் with open என்று எழுதினால் ஃபைல் தானே மூடிக்கொள்கிறது. ஆனாலும் புதுப்பிள்ளைகள் ஒரே ஃபைலை இரண்டாவது தடவை படித்துவிட்டு, "ரஷீதா சேச்சி, ஃபைல் காலி!" என்று ஓடிவருவார்கள். "போட்டு எர்ணாகுளத்துல நிக்குது, கூப்பிடு" என்பேன். ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள்.

நடுவில் ஜெட்டியில் சேறு அடைந்து, கொஞ்ச வருஷம் மட்டாஞ்சேரிக்கு போட்டே வரவில்லை. நான் தப்பாக எழுதிய ப்ரோக்ராம் அப்போது சரியாகச் சொல்லியிருக்கும். அத்தா போய்விட்டார். பிராட்வே கடையில் இப்போது வேறு யாரோ மொபைல் கவர் விற்கிறார்கள். கேரியரின் மேல்தட்டில் அம்மா கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.

போன வாரம் வைட்டிலா டிராஃபிக் பிளாக்கில் பஸ்ஸில் மாட்டியிருந்தபோது அம்மாவின் போன். புதிதாக வந்த படகு சர்வீஸ், வாட்டர் மெட்ரோவின் ஸ்டேஷனில் இருந்து.

"ரஷீதா, அடுத்த போட்டு எப்போன்னு பாத்துச் சொல்லு."

"அங்கயே பெரிய போர்டு இருக்குமேம்மா?"

"இருக்கு. பத்து நிமிஷம்னு காட்டுது. நீ சொல்லு."

மொபைல் ஆப்பைத் திறந்தேன். பார்த்தேன். மூடிவிட்டு, மறுபடி திறந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

"பத்து நிமிஷத்துல வரும்மா."

"ஆ... அப்ப வரும்" என்று போனை வைத்துவிட்டாள்.