கொசுவின் நல்ல நம்பர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் 'கொசு' என்று பெயர். குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவார். வாய்ப்புற்று நோயாளிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு புத்திமதி உண்டு: "இனிமே புகையிலைப் பக்கமே போகாதீங்க." அதைச் சொல்லும்போது அவர் கடைவாயில் ஒரு உருண்டைப் புகையிலை அடங்கியிருக்கும். மாஸ்க் போட்டிருக்கிறாரே, யாருக்குத் தெரியப்போகிறது?

அந்த வருடம் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வாய்ப்புற்று வந்தவர்களின் ரத்தத்தில் இரண்டு வகை வெள்ளையணுக்களை ஒப்பிட்டால் ஒரு எண் வரும். குறைவாக இருந்தால் சிகிச்சைக்குப் பிறகு நன்றாக இருப்பார்கள், கூடினால் நோய் திரும்பலாம் என்பது அவர் கணிப்பு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டியிருந்தது. முதல் ஆளாகச் சட்டைக்கையைச் சுருட்டியவர் அத்தான். தன் கையில் தானே குத்திக்கொண்டார். அடுத்தவர் ஊசியில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

அதே ஆஸ்பத்திரி லேபில் அந்த ரத்தத்தை மெஷினில் ஓட்டியவன் நான். எண் குறைவாக வந்தது. அதன்பிறகு ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவருடைய கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. காரம் பட்டால் எரிகிறது என்று தட்டைத் தள்ளிவைப்பார். அக்கா பயந்துபோயிருந்தாள்.

"ரத்தமே நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சு. நீ என்ன புதுசா கண்டுபிடிச்ச?"

"ரத்தம் சொல்றது கிடக்கட்டும். வாயைக் காட்டுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தான், அது நோய் வந்தவங்க பிழைப்பாங்களான்னு பாக்குற நம்பர். நோய் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது" என்றேன்.

"பட்டன் அமுக்குறவன்லாம் எனக்குப் பாடம் எடுக்குறான்" என்றார்.

அக்கா அதற்குமேல் வாதாடவில்லை. மறுநாள் டாக்டரம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு ரத்தம் எடுக்கும் அறைக்கே வந்துவிட்டாள். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் அத்தானை உட்காரவைத்து மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா அந்தத் திட்டிலிருந்து கொஞ்சம் சதை எடுக்கச் சொன்னார். சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. நல்லவேளை, ஆரம்பக் கட்டம்.

ஆபரேஷனுக்கு முன்னால் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை அவருடைய குழாய் நோயாளிகளின் வரிசையில் நின்றது. ஓட்டிவிட்டு வார்டுக்குப் போனேன். கட்டிலருகே அக்கா நின்றிருந்தாள்.

"நம்பர் என்னடா?"

"குறைவுதான் அத்தான். நல்ல நம்பர்."

எந்த எண்ணை வைத்துக்கொண்டு அத்தனை ஆட்டம் போட்டாரோ, அதற்கு இப்போதுதான் ஏதோ அர்த்தம் வந்திருந்தது. ஆனால் ஆட்டம் போடவேண்டியவர் பயந்த முகத்தோடு என்னையே பார்த்தார்.

"டாக்டரம்மா சொல்றது சரிதான்னு எப்ப தெரியும்?"

"உங்களை மாதிரி ஆளுங்களை அஞ்சாறு வருஷம் பாத்தாதான் தெரியும்."



"சரி, அஞ்சாறு வருஷம் இருந்துடறேன். அந்தம்மா ஆராய்ச்சி என்னால கெட்டுப்போக வேண்டாம்" என்றார். அதுவரை கல் மாதிரி நின்றிருந்த அக்கா அப்போதுதான் அழுதாள்.