பொம்மையின் பக்கத்தில் நான் போட்ட சத்தம்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் மகள் எஸ்தரின் பிழைப்பே போய்விடும் என்று இருந்தபோது ஆண்டவர் செய்ததைச் சொல்கிறேன். நான் முதலியார்பேட்டையில் சைக்கிள் பழுது பார்க்கிறவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசப் பயம்.

எஸ்தர் ஆம்புலன்ஸில் நோயாளிகளைக் கவனிக்கிறவள். போன மழைக்காலத்தில் ஒருவரை மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது இவள் முதுகில் அடிபட்டது. இனி பாரம் தூக்கவே கூடாது என்று கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. தூக்காமல் அந்த வேலையில் எப்படி இருப்பது?

ஒரே வழி, புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளாக ஆவது. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். ஆம்புலன்ஸில் சில வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும். இரண்டையும் முடித்துவிட்டாள். கடைசியாக, ஒரு மூத்த டாக்டர் முன்னால் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். ஒன்றும் தெரியாத ஒரு புது ஆளையும் முதலுதவி செய்ய வைத்தால்தான் தேர்ச்சி.

வகுப்பு அன்று அவளைப் பயிற்சி நடக்கும் இடத்தில் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். புது ஆளாக வருகிறேன் என்ற பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை.

"புது ஆள் இல்லாம வகுப்பு செல்லாதும்மா" என்றார் வகுப்பைப் பார்க்க வந்த மூத்த டாக்டரம்மா.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அவள் போனில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, "அவரையா? பஸ்ஸ நிறுத்தச் சொல்ல வெக்கப்பட்டு, கடைசி ஸ்டாப்புல எறங்கி நடந்து வர்ற மனுஷன்டி!" என்றாள்.

தரையில் ஒரு ரப்பர் பொம்மை. மூச்சு நின்றவர் என்று வைத்துக்கொண்டு தோளைத் தட்ட வேண்டும். "யாராவது வாங்க, ஆம்புலன்ஸக் கூப்புடுங்க" என்று கத்த வேண்டும். அப்புறம் நெஞ்சை அழுத்த வேண்டும். முட்டி போட்டேன். குரல் வரவில்லை. மறுபடியும் சொல்லிக்கொடுத்தாள். வரவில்லை. டாக்டரம்மா பேனாவை மூடினார். ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும் என்று உள்ளுக்குள் அழுதேன்.

எஸ்தர் கோபப்படவில்லை. முதுகு வலியோடு என் பக்கத்தில் முட்டி போட்டாள். "அப்பா, பொம்மைன்னு பாக்காதப்பா. நான் கெடக்குறேன்னு நெனச்சுக்க."

"ஆண்டவரே, வாங்க! என் புள்ளயப் பாருங்க!"

அப்படித்தான் கத்தினேன். வெளியே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலோடு, "யாருக்கு என்னாச்சு?" என்று நின்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "மாத்திக் கூப்ட்டுட்டேம்மா" என்றேன்.

"யாரக் கூப்ட்டா என்னங்க? ஆள் வந்துடுச்சில்ல. அழுத்துங்க" என்றார் டாக்டரம்மா.

எஸ்தர் எண்ண எண்ண அழுத்தினேன். முடிந்ததும் டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு, "இவரையே கத்த வச்சிட்டியேம்மா. நீ சொல்லிக்குடுப்ப" என்றார்.

சான்றிதழ் வந்தது. இன்று எஸ்தர் பயிற்சி கொடுக்கிறாள். சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டுமாம். அதையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார். கடை திறக்கும் முன் நான் இப்போது வாய்விட்டு ஜெபிக்கிறேன். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, சரியான வார்த்தைக்காகக் காத்திருக்காதீர்கள். வந்த வார்த்தையில் கூப்பிடுங்கள். நான் தப்பாகக் கூப்பிட்டேன், அவர் சரியாகக் கேட்டார்.