சாணைக்குப் போன வாள்

வடகரையில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டு வாசலில் நின்று, ஒரு வாளுக்காக நான் கத்தியதைத் தெருவே கேட்டது. இப்போது நினைத்தாலும் தொண்டை காந்துகிறது. அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம் என்கிறாள் என் மனைவி. இல்லை. இன்னும் கொஞ்சம் கத்தியிருக்க வேண்டும்.

நான் சேர்ப்பவை குதிரைப்படை வாள்கள். காலாளின் வாள் வேறு, குதிரைக்காரனின் வாள் வேறு. மேலிருந்து கீழே வீசுகிறவனுக்கு நுனியில் கனம் வேண்டும். அதனால் அலகு நுனிப்பக்கம் அகன்று, பிறையாக வளைந்திருக்கும். விரல்களைக் காக்க, பிடியைச் சுற்றி ஓர் இரும்பு வளைவு. அந்த வளைவில் சின்னதாக ஒரு துளை, தோல்வார் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ள. ஓடுகிற குதிரையில் பிடி நழுவினாலும் வாள் விழாது. அந்தத் துளையைப் பார்க்கும்போதெல்லாம் வியர்த்த ஒரு மணிக்கட்டு என் கண்ணுக்குத் தெரியும். யாருடைய மணிக்கட்டு? அதுதான் என் பைத்தியம். தென்காசிக் கடைத்தெருவில் என்னைக் கண்டால், "வாளு சேந்திட்டு, குதிரை எப்ப வருது அண்ணாச்சி?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நவாபின் குதிரைகள் இந்த மண்ணில் வரி வாங்க ஓடின. கிழக்கிந்தியக் கும்பினியின் குதிரைகள் பாளையக்காரர்களை அடிக்க ஓடின. கும்பினிக் குதிரைமேல் இருந்தவர்களில் பாதிக்கு மேல் நம் ஆட்கள்தான், ஏவியவன்தான் வெள்ளைக்காரன். புது மாதிரி வாள் வந்ததும் பழையதையெல்லாம் ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். அவை கடையத்தில் வாழைத்தார் வெட்டின, வீரகேரளம்புதூரில் காட்டுப்பன்றி விரட்டின. குற்றாலத்துக்குச் சீசனில் வரும் துரைமாரோ இரண்டிரண்டாகப் பெருக்கல் குறி போட்டு பங்களாச் சுவரில் அறைந்து வைத்தார்கள். பிடித்தவன் யார், வெட்டுப்பட்டவன் யார் என்று துரையும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

வடகரை வாளை நான் பார்த்தது ஆனிச் சாரலில். தோப்புக்காரர் என்னைவிட இளையவர், நல்ல மனுஷர். நெல் அறையிலிருந்து அதை எடுத்து வந்தவர், "எங்க பாட்டனுக்குப் பாட்டன் வெள்ளக்காரனக் குதிரையில இருந்து இழுத்துப் போட்டுப் புடுங்குன வாளு அண்ணாச்சி" என்றார். வாள் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கதை இருக்கும். எல்லாம் உண்மையென்றால் கும்பினிக்கு ஒரு குதிரைக்காரன் மிஞ்சியிருக்க மாட்டான்.

ஆனால் இந்த வாளின் முதுகில், பிடியை ஒட்டி, துருவுக்கு அடியில் ஏதோ கீறியிருந்தது. நகத்தால் தடவினேன். ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஓர் எண் போல ஒன்று. படைப்பிரிவின் அடையாளம். எந்தப் பிரிவு என்று தெரிந்தால், அது பாளையச் சண்டைக்கு இந்தப் பக்கம் வந்ததா என்று தேடிவிடலாம். வந்திருந்தால், இத்தனை வீட்டுப் பெருமைகளில் இந்த ஒன்றுக்காவது ஆதாரம் கிடைக்கும். வரவில்லையென்றால் ஏலச் சரக்கு. இரண்டில் ஒன்று அந்தத் துருவுக்குக் கீழே படுத்துக் கிடந்தது.

"எடுத்துக்கிடுங்க. இங்கன சும்மாதான கெடக்கு" என்றார். "ஆனா ஆயுத பூசைக்கு ஒருக்கா வச்சிட்டுத் தாரேன். பூசையில உக்காராம இத வெளிய குடுக்க மனசு வரல."

நியாயம்தான். "தேங்காயெண்ணெய் மட்டும் தடவி வைங்க, துரு இளகட்டும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. சிற்றாற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் ஒரு குதிரை கழுத்தளவு நீரில் அதைக் கடப்பதைப் பார்த்தேன். மேலே இருப்பவனுக்கு ஒரு நாள் கும்பினித் தொப்பி, மறுநாள் எங்கள் பக்கத்து முண்டாசு. முகம் மட்டும் வரவில்லை. முகம் வடகரையில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது.

பூசைக்கு மறுநாள், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய யுத்த காலத்து பஸ்ஸில், புகையில் இருமிக்கொண்டே போய் இறங்கினேன். தோப்புக்காரரின் மனைவி பித்தளைத் தாம்பாளத்தில் வாளைக் கொண்டுவந்தாள். சந்தனம், குங்குமம், நுனியில் எலுமிச்சம்பழம். அலகில் என் மூஞ்சி கோணலாகத் தெரிந்தது. அப்படி ஒரு பளபளப்பு.

"என்னம்மா இது?"

"புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேன் அண்ணாச்சி. கை ரெண்டும் பொத்துப் போச்சி, பாருங்க."

திருப்பினேன். முதுகு மொழுமொழுவென்று இருந்தது.

"இங்கன இருந்த எழுத்து?"

"அந்தக் கறையா? அது என்ன தேச்சும் போவல."

கணவர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "நல்லவேளை, சாணை பிடிக்கவரு தெருவுல வந்தாரு. ஒரு பொட்டு இல்லாம வழிச்சி எடுத்துட்டாரு. ஒருத்தருக்குக் குடுக்கித சாமான அழுக்கோட குடுக்கலாமா?"

"எண்ணெய் மட்டும் போடச் சொன்னேனேய்யா!"

"எங்களுக்குச் சிரமம் வேண்டாமுன்னு சொல்லுதியன்னுல்லா நெனச்சோம்."

அங்கேதான் எனக்கு வெடித்தது. "உம்ம பாட்டனுக்கு இருந்த ஒரே சாட்சிய்யா அது! கல்லுல குடுத்துத் தேச்சிட்டு வந்து சிரிக்கீரே!"

அவர் முகம் சுருங்கியது. "சாட்சி என்னத்துக்கு? நாங்க என்ன பொய்யா சொல்லுதோம்?"

"பொய்யா மெய்யான்னு இனி ஒருத்தனும் சொல்ல முடியாது!"

"வெள்ளக்காரன் எழுத்தக் காட்டித்தான் எங்க பாட்டன் வீரன்னு சொல்லணுமா? அப்படி ஒரு சாட்சி எங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி."

வேடிக்கை பார்க்க வந்த யாரோ, "நல்லாத்தானய்யா கேக்காரு" என்றார். நல்ல கேள்விதான். அதனால்தான் ஆத்திரம் இன்னும் ஏறியது. அந்த எழுத்து வெள்ளைக்காரனுக்கு மட்டும் சொந்தமா? அந்த வாரை மணிக்கட்டில் கட்டியிருந்தவன் தமிழிலேயே "அம்மா" என்று விழுந்திருக்கலாம். அவனையும் சேர்த்துத்தானே வழித்தீர்கள்? கேட்டேன். என்ன சொன்னேனோ, எப்படிச் சொன்னேனோ, அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் நான் திரும்பி நடந்தபோது ஓடிவந்து வாளைத் துண்டில் சுற்றிக் கையில் திணித்தாள். "கோவத்துல வெறுங்கையாப் போவாதிய அண்ணாச்சி."

அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடித்துப் பிடுங்குகிறவனோடு சண்டை போடலாம். உபசாரம் செய்து அழிக்கிறவர்களை என்ன செய்ய?

வீட்டில் அதைச் சுவரில் மாட்டவில்லை. ஐப்பசி அடைமழையில், கொல்லையில் துணி காயப்போடும் கல்தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மனைவி ஒரு நாள் பார்த்தாள், மறுநாள் பார்த்தாள், அப்புறம் பொறுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டுத் தொடைக்கிய. இத மட்டும் நனையப் போட்டிருக்கிய?"

"துருப் பிடிக்கட்டும்."

"பிடிச்சா? எழுத்து திரும்பி வந்துருமாக்கும்?"

நான் கயிற்றின் முடிச்சை இறுக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

துருப் பிடித்தது. முதலில் வெட்டுவாய்ப் பக்கம் செம்மஞ்சளாக, பிறகு முதுகில். எழுத்திருந்த இடம் மட்டும் வேறாகத் தெரிகிறதா என்று, மழை விட்ட இடைவெளியிலெல்லாம் குனிந்து பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன், நகத்தால் தடவிப் பார்த்தேன். மண்வெட்டியில் பிடிக்கிற மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பிடித்திருந்தது. கார்த்திகை வந்துவிட்டது. இன்னும் அதை உள்ளே எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.