நிறுத்துக் கடிகாரத்தில் இருந்த விரல்

தொலைதூரக் கல்வியில் இயற்பியல் படிப்பவர்களுக்கு அவர் ஊசலக்கா. ஆய்வகமே இல்லாத ஆய்வக உதவியாளர்! ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு தொலைபேசி, அவ்வளவுதான் ராஜ்ஜியம். மாணவர்கள் வீட்டிலிருந்தே திரையில் தனி ஊசலை ஆட்டி, இருபது ஆட்டத்துக்கு நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவார்கள். விடை ஒன்பது புள்ளி எட்டை ஒட்டி வராவிட்டால் பூஜ்யம்.

அந்த ஊசலுக்கு நிரல் எழுதியவர் அவருடைய வீட்டுக்காரர். "மனுஷக் கைன்னா கொஞ்சம் தாமதிக்கத்தான் செய்யும், அதுவும் பாடந்தானே" என்று அடம்பிடித்து, மூன்று மாதம் தன் விரலாலேயே கடிகாரத்தை அமுக்கி, அந்தத் தாமதங்களை நிரலுக்குள் போட்டுவைத்தார். ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஏதோ ஒரு நாளின் தாமதம் வாய்க்கும். மனிதர் போய் நான்கு வருடம். விரல் மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. காலையில் வந்ததும் ஊசலக்கா ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். இருபதாவது ஆட்டம் முடிந்த பிறகு, ஒரு கணம் கழித்துக் கடிகாரம் நிற்கும். பக்கத்து நாற்காலியில் ஆள் இருப்பதுபோல் முதுகு சிலிர்க்கும். பயம்தான். அந்தப் பயம் இல்லாமல் அவருக்குப் பொழுது ஓடாது.

அன்று முற்பகல் தையல் ஆலையில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி கூப்பிட்டாள்.

"அக்கா, மூணு தடவையும் ஒன்பது புள்ளி அஞ்சுதான் வருது. இன்னிக்குக் கடைசி நாள். போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு."

"கணக்கை நல்லாப் பாரும்மா." இப்படிக் கூப்பிடுகிற எல்லாருக்கும் அவர் கொடுத்துவந்த ஒரே மருந்து அது.

"பத்துத் தடவை பார்த்தாச்சு. உங்க கடிகாரந்தான் தூங்குது!"

ஊசலக்காவுக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன பேச்சு! ஆனால் அந்தக் குரல் உடைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு திறக்க மனம் வராத தாமத அட்டவணையைத் திறந்தார்.

முதல் வாரம், வினாடியில் பத்தில் இரண்டு பங்கு. எட்டாம் வாரம், நான்கு. கடைசி வாரம், ஆறு, ஏழு. அவர் அமுக்க அமுக்க எண்களைத் தட்டச்சு செய்தது இவர்தான். "ஆமைகூட உங்களை முந்திடும் போங்க" என்று சிரித்துக்கொண்டே ஓரத்தில் 'தூக்கக் கலக்கம்' என்று குறித்ததும் இவர்தான். அது முடிந்து ஐந்தாம் வாரம் மருத்துவர் நரம்பு நோய் என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றும் சொன்னார்.

பாவி, பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேனே!

"அக்கா, இருக்கீங்களா?"

அந்தக் கடைசி வாரங்களை ஊசலக்கா ஒவ்வொரு வரியாக அழித்தார்.

"இப்ப ஆட்டிப் பாரும்மா."

"வந்துடுச்சு! ஒன்பது புள்ளி ஏழு! கடிகாரத்துக்கு என்னக்கா ஆச்சு?"

"உடம்பு சரியில்லாம இருந்துச்சு," என்றார் ஊசலக்கா. "நான்தான் கவனிக்கலை."