சூடில்லாத மாவு

அரைத்த மாவு சுட வேண்டுமா, சுடக் கூடாதா என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவு பிறக்கவில்லை. கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படியொரு குழப்பம் நேர வேண்டிய தேவையே இல்லை. அது என் தம்பி மகளால் நேர்ந்தது.

அவள் பொறியியல் படித்தவள். தோழியர் இருவருடன் சேர்ந்து, சிறு தொழில் செய்வோரின் மின்செலவைக் குறைத்துத் தருவதைப் பணியாகக் கொண்டவள். இங்கே மின்சாரம் மிஞ்சினால் எங்கோ எரியும் நிலக்கரி மிஞ்சும், வானிற் கலக்கும் கரியும் குறையும் என்பாள். சென்ற மழைக்காலத்தில் திண்டுக்கல்லுக்கு வந்தபோது, "பெரியப்பா, நம்ம தெருப்பக்கம் கரண்ட் பில்லைப் பாத்துப் பெருமூச்சு விடுற கடை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். நானறிந்த பெருமூச்சு ஒன்றுதான். அது எங்கள் தெருமுனை மாவு மில்லில் எழுவது.

மில்லை நடத்துபவர் ஐம்பது வயதை ஒட்டிய கிறித்தவ அம்மையார். அவர் கணவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். வீடு திரும்பும் நாளில் உறங்குவதே அவருக்கு வேலை. ஆதலால் மில்லின் பொறுப்பு முழுவதும் அம்மையாருடையது.

தம்பி மகள் மோட்டாரைச் சுற்றி வந்தாள். அதையும் கல்லையும் இணைக்கும் வாரை இழுத்துப் பார்த்தாள். மாவு விழும் துணிக்குழாயின் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"பெரியப்பா, கை வச்சுப் பாருங்க. இந்தச் சூடு அம்புட்டும் வீணாப் போற கரண்ட்டு. கல்லு மழுங்கிப் போச்சு. மோட்டாரும் தேவைக்கு மேல பெருசு."

அம்மையார் சிரித்தார். "மாவுன்னா சுடத்தானே செய்யும் கண்ணு? சுடாம வந்தா அது மாவா, கோலப்பொடியா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அய்யா என்ன சொல்றீக?"

அரைவை குறித்து நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? பிள்ளை படித்தவள், தவறாகச் சொல்ல மாட்டாள் என்றேன். அந்த ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாயிற்று.

கல்லைக் கொத்திச் சீராக்கினார்கள். சிறிய புது மோட்டார் வந்தது. வாரும் மாறியது. மாவு முன்னினும் நுண்மையாக, ஓசையும் குறைவாக விழுந்தது. சூடு மட்டும் பெரிதாக இல்லை. அடுத்த மின்கட்டணம் நன்றாகவே குறைந்திருந்தது. தம்பி மகள் தொலைபேசியில் மகிழ்ந்தாள். நானும் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியில் முதற் கல்லை எறிந்தவர் பேருந்து நிலையத்தருகே பூ விற்கும் பெண்மணி. அன்று நான் மிளகாயுடன் வரிசையில் நின்றிருந்தேன். அவர் தம் தூக்குவாளிக்குள் கையை விட்டார். விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏக்கா, இது எப்ப அரைச்ச மாவு?"

"இப்பத்தான். ஒன் அரிசிதான்."

"செத்த நேரம் டீ குடிக்கப் போயிட்டு வந்தேன். அதுக்குள்ள மாவு பச்சத்தண்ணியாட்டம் கெடக்கு. எம் பச்சரிசிய எங்கிட்டாவது தள்ளிட்டு ரேசன் அரிசி மாவக் குடுத்திட்டியா?"

மில்லில் இருந்தோர் அனைவரும் தத்தம் பாத்திரங்களுக்குள் கையை விட்டனர். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அரிசியைக் கொடுத்துவிட்டு அகன்று போய்த் திரும்புகிறவர், கிடைப்பது தம்முடைய மாவுதான் என்பதை எதைக்கொண்டு அறிகிறார்? சூட்டைக்கொண்டு. சுட்டால் இப்போது அரைத்தது; இப்போது அரைத்ததென்றால் நம்முடையது. எங்கள் ஊரில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத முத்திரை அது. அதைத்தான் என் தம்பி மகள் வீண் என்று கண்டு நீக்கியிருந்தாள்.

வரிசை மெலியத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த அம்மையார் எங்கள் வாயிலில் நின்றார்.

"அய்யா, பில்லு கொறஞ்சிருச்சு. ஆளும் கொறஞ்சிருச்சு. எதால எது கொறஞ்சுச்சுன்னு ஒங்க புள்ளையக் கேட்டுச் சொல்லுங்க."

அரைவையே இல்லாத மில்லில் மின்சாரம் செலவாகாதது சிக்கனம் ஆகுமா?

"வருமானம் போனாப் போகட்டும், சமாளிச்சுக்கிருவேன். கிறிஸ்மஸ் வருது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அம்புட்டுப் பேரும் வேற மில்லுக்குப் போனா, மாவு மாத்துறவன்னு பேரு நெலச்சுப் போயிரும். அப்பறம் கோயில்ல நான் எப்படி முன்னாடி போயி நிக்கிறது?"

தம்பி மகளை அழைத்தேன். நடந்ததைச் சொன்னதும், "சூட்டை நான் எப்படித் திருப்பிக் குடுக்கிறது பெரியப்பா? அது வீணாச்சே" என்றாள். அவள் சொன்னது சரி. அம்மையார் சொன்னதும் சரி. இரண்டும் ஒரே மாவைப் பற்றியவை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கிடையே பூக்காரப் பெண்மணி ஓர் உத்தி கண்டார். தம் அரிசியோடு ஒரு கை ஓமம் கலந்து கொண்டுவந்தார். மாவில் ஓமம் மணந்தால் அது தம்முடையது. உத்தி பரவியது. ஒருவர் சோம்பு கலந்தார், இன்னொருவர் மஞ்சள் துண்டு இட்டார். எந்த அரைவை இயந்திரத்திலும் முன்னவர் மாவில் சிறிது தங்கிப் பின்னவர் மாவோடு இறங்குவது இயல்பு. விளைவு, ஓமம் இடாதவர் மாவில் ஓமம் மணந்தது. சோம்புக்காரர் மாவு மஞ்சள் பூத்தது.

"யாரு வீட்டுக் கல்யாணம்டி இது, எம் மாவு மஞ்சக் குளிச்சு வருது?"

"அப்ப மாத்துறது உண்மைதான்!"

ஐயம் தீர்க்க இட்ட அடையாளமே ஐயத்துக்குச் சான்றாயிற்று.

சனிக்கிழமை காலை அம்மையார் என்னை அழைத்துவரச் செய்தார். "நீங்க கைய வச்சுச் சொன்னா ஊரு கேக்கும்." என் அரிசி அரைபட்டது. எல்லோரும் பார்க்க மாவுக்குள் கையை விட்டேன். சுட்டுவிடாதா என்று ஒரு கணம் ஏங்கியதை மறைப்பானேன்.

"அய்யா, சுடுதா?" என்றார் பூக்காரப் பெண்மணி.

"சுடவில்லை. ஆயினும் இது என் மாவுதான்."

"எப்படிங்கய்யா தெரியும்?"

மாவை இன்னொரு முறை கிளறிப் பார்த்தேன். வரிசையில் யாரோ, "அய்யாவுக்கே தெரியலயாம்ப்பா!" என்றார். சிரிப்பு எழுந்தது.

அம்மையார் சிரிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினார். அரைவை மூடியைக் கழற்றினார். உள்ளே ஒட்டியிருந்ததைத் தூரிகையால் கூட்டித் தள்ளி, துணிக்குழாயை உதறினார். பூக்காரப் பெண்மணியின் தோளைப் பிடித்துக் குனியவைத்தார்.

"நல்லாப் பாரு. எங்க பாட்டன் சொத்து எதுவும் உள்ள கெடக்கா?"

"இல்ல."

"இப்ப நீயே கொட்டு. நீயே பிடி. டீயெல்லாம் அப்பறம் குடிச்சுக்கிரலாம்."

அவர் கொட்டினார், தாமே பிடித்தார். மாவு விழுந்து முடிந்ததும், பழக்கம் விடாமல் கையை உள்ளே விட்டார்.

"சில்லுன்னுதான் இருக்கு. ஆனா நம்மது போலத்தான் தெரியுது."

"போலயா?"

"நம்மதுதான்க்கா. விடேன்."

அன்றுமுதல் ஒவ்வொருவருக்கும் இயந்திரம் வெறுமையாக்கிக் காட்டப்படுகிறது. கிறித்துப் பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரத்தில் வரிசை தேநீர்க்கடை வரை நீண்டது. விழாவன்று அம்மையார் கோயிலில் எங்கே நின்றார் என்று நான் கேட்கவில்லை; அதிரசம் கொண்டுவந்து கொடுத்த முகத்திலேயே அது தெரிந்தது. மின்கட்டணமும் ஏறியிருந்தது. கூட்டம் திரும்பியதாலா, ஆளுக்கொரு முறை மோட்டாரை நிறுத்தி ஓட்டுவதாலா என்று தம்பி மகளுக்கே பிரித்துச் சொல்ல இயலவில்லை. "பில் ஏறுனதுக்கு நான் சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா பெரியப்பா?" என்று என்னிடமே கேட்டாள்.

சென்ற வாரம், கோடை வெயிலில், அரைத்த மாவுடன் வீடு திரும்பினேன். என் மனைவி கூடத்தில் செய்தித்தாளை விரித்து, மாவைக் கொட்டிப் பரப்பினாள்.

"சூடே இல்லையே. எதை ஆற்றுகிறாய்?"

"மில்லுலேருந்து வந்த மாவ ஆற வைக்காம யாராச்சும் டப்பாவுல போடுவாங்களா?" என்றவள், மாவு பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினாள்.

இருவரும் வியர்வையில் நனைந்தபடி, முன்பே ஆறியிருந்த மாவு ஆறட்டும் என்று காத்திருந்தோம். எவ்வளவு மின்சாரம் மிச்சமாயிற்று என்று தம்பி மகள் கேட்டால், நான் ஐயமின்றிக் கண்ட மிச்சம் அந்த மின்விசிறி ஒன்றுதான்.