கண் பார்க்கிற தம்பி கடல் பார்த்த கதை

எங்கள் தெருவில் என் தம்பிக்குப் பெயர் 'இதுவா அதுவா'. வீட்டில் வைத்த பெயர் வங்கியில் மட்டும்தான் பயன்படுகிறது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிக்கிற வேலை அவனுக்கு. வருகிறவரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கை அணைத்து, மூக்கின்மேல் கனமான வட்டச் சட்டத்தை மாட்டுவான். பிறகு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஒரே கேள்வி. இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?

அந்த அறைக்குள் அவனை மாதிரிப் பொறுமைசாலி கிடையாது. வெளியே வந்துவிட்டால் அவனை மாதிரித் தொல்லை கிடையாது. சட்டை எடுக்கப் போனால் கடைக்காரருக்கே தலை சுற்றும். மூன்றாவது கடையில் நான் கத்துவேன். முதல் கடைக்குத் திரும்பிப் போவோம். அதற்குள் அந்தச் சட்டை விற்றுப் போயிருக்கும். நான் துணி தைக்கிறவள். கத்தரிக்கோல் வைத்த பிறகு யோசிக்கிற தொழிலா என்னுடையது? எங்கள் இரண்டு பேரையும் ஒரே தாய்தான் பெற்றாளா என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

அவன் மனைவி போனதும் இதனால்தான். பெரிய சண்டை எல்லாம் இல்லை. எந்த வீட்டுக்குக் குடிபோவது, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, சுவருக்கு என்ன வண்ணம் என்று எதைக் கேட்டாலும் இவன் இழுத்துக்கொண்டே இருந்தான். முதலில் அவள் கோபப்பட்டாள். பிறகு கோபமும் போய், எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான் என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்படிச் சொல்ல ஆரம்பித்த வருஷத்திலேயே மகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன்.

மகள் அப்போது சின்னப் பெண். இப்போது படிப்பை முடித்து வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வரும். சாப்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு, சரிப்பா வைக்கிறேன். இவனும் அந்த மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவான்.

ஒரு ஞாயிறு அந்த போன் நீண்டது. அவளுக்கு ஒரு வாரம் லீவு கிடைக்கிறதாம். அப்பாவோடு எங்கேயாவது கடற்கரைக்குப் போக வேண்டுமாம். அலைச்சறுக்கு கற்றுத் தருகிற முகாம்கள் இருக்கிறதாமே, நல்லதாக ஒன்றை நீங்களே பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி என் தையல் அறைக்கு வந்தான். முகத்தைப் பார்த்தால் கல்யாணக் களை. அடுத்த நிமிஷமே அது வடிந்துவிட்டது.

"அக்கா, நீங்களே பாருங்கன்னு சொல்லிட்டாக்கா."

பெரியவளான பிறகு அவளாக வாய்விட்டு இவனிடம் கேட்டது இது ஒன்றுதான். இதிலும் இழுத்தடித்தான் என்றால் அவள் அம்மா மாதிரியே அவளும் கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவாள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

தேட ஆரம்பித்தான். ஐயோ, அந்தத் தேடல். மூன்று முகாம்கள் தேறின. பெயர்கள் எனக்கு வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதல் ஆள் மணல்காரர். தன் கடலுக்கு அடியில் வெறும் மணல்தான், விழுந்தாலும் அடிபடாது, நீங்கள் வருகிற மாசம் அலை சின்னதாக இருக்கும், புதியவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை என்றார். இரண்டாவது ஆள் பாறைக்காரர். அந்த மாசம் வருவது சுத்த வீண், அலையே இருக்காது, காற்று திரும்பிய பிறகு வாருங்கள், எங்கள் பாறைத் திட்டில் ஆள் உயரத்துக்கு எழும்பும் என்றார். மூன்றாவது ஒரு பெண்மணி. காலையில் யோகா, சாயங்காலம் ஊஞ்சல், பழரசம், மசாஜ் என்று எல்லாவற்றையும் சொன்னார். கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும், அது பாட்டுக்கு எதிரிலேயே இருக்கு சார் என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே கடல், ஒரே மாசம். ஒருவருக்கு அது பொன்னான காலம், இன்னொருவருக்கு வீண். இரண்டு பேரில் ஒருத்தர் புளுகுகிறார் என்று நான் நினைத்தேன். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம், ஆளைப் பொறுத்தது என்று தம்பி சொன்னான். கற்றுக்கொள்கிறவளுக்குச் சின்ன அலை வேண்டும். தெரிந்தவளுக்கு அது தூக்கம் வரவைக்கும். நம்ம பெண் எந்த ரகம் என்று கேட்டேன்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. மணல்காரரும் பாறைக்காரரும் எடுத்த எடுப்பில் கேட்டது அதைத்தான். உங்க பொண்ணு புதுசா, கொஞ்சம் பழகினவளா? நீந்தத் தெரியுமா? தம்பிக்குத் தெரியவில்லை. நீச்சல் குளத்தின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விட மாட்டேன் என்று அழுத சின்னப் பெண்ணைத்தான் அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் கம்பியை விட்டாளா இல்லையா என்று தெரியாது. அவளிடமே கேட்டுத் தொலையேன்டா என்றேன். பெற்ற அப்பனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாள் என்றான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதனால் திட்ட வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

அவன் பங்குக்கு ஒவ்வொரு முகாமிலும் ஒரு கேள்வி கேட்டான். அலை கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் உடைகிறது? எதற்கு இந்தக் கணக்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு நாள் கடை மூடியதும் என்னைப் பின்னறைக்கு வரச் சொன்னான். எழுத்துகள் தெரிகிற வெளிச்சப் பலகையில் மணல்காரர் கடற்கரைப் படத்தையும் பாறைக்காரர் கடற்கரைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தான். என்னை நாற்காலியில் உட்கார வைத்து இதுவா அதுவா என்றான். மணல் என்றேன். பாறைப் படத்தை எடுத்துவிட்டு ஊஞ்சல் படத்தை ஒட்டி, மணலா, ஊஞ்சலா? மணல். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டு, பாறையா மணலா என்று மறுபடியும் வந்தான். அது அவன் தொழில் தந்திரம். ஆள் ஒழுங்காகப் பார்த்துச் சொல்கிறாரா, வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறாரா என்று பிடிக்க, கேட்டதையே திருப்பிப் போட்டுக் கேட்பான். எனக்குப் பசி. பாறை என்றேன். பார்த்தியாக்கா, உனக்கே உறுதி இல்லை என்று படங்களைக் கழற்றிவிட்டான்.

கடைசியில் அவளிடமே கேட்டான், அதுவும் அவன் பாணியில். சின்ன அலையா, பெரிய அலையா? மணலா, பாறையா? சீக்கிரம் போகலாமா, காற்று திரும்பிய பிறகா? நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகத்தான் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்து கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்பா எனக்கு."

தம்பி போனை வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. அவள் அம்மா போவதற்கு முன்னால் பேசின பேச்சு இது. ஆசை விட்டுப் போச்சுக்கா, கடமைக்கு வருகிறாள் என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எப்படித் தோன்றியது என்றும் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி பூராவும் அந்த மூன்று வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் எனக்கே அது சலிப்பாகவும் கேட்டது, பாசமாகவும் கேட்டது.

மறுநாள் காலையில் நான் ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். மகளுக்கு அனுப்ப இரண்டு செய்தி எழுதி வைத்திருந்தான். ஒன்றில் லீவு கிடைக்கவில்லை என்று இருந்தது. இன்னொன்றில் கடையில் வேலை அதிகம் என்று இருந்தது. இரண்டும் பொய்.

"எது நல்லா இருக்குக்கா, இதுவா அதுவா?"

பிரிக்கிற ஊசி என் விரலில் ஏறிவிட்டது. பொய் சொல்வதற்குக்கூட ஒரு முடிவு எடுக்கத் துப்பில்லையே என்று ஆத்திரம் வந்தது. அவனே அவளை அனுப்பி வைக்கிறான். அவள் போய்விடுவாளோ என்கிற பயத்தில் அவனே கதவைத் திறந்து விடுகிறான். மத்தியானம் நான் வந்து சொல்கிறேன், அதுவரை எதையும் தொடாதே என்று விரட்டிவிட்டேன். போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வதுதான் என் திட்டம்.

மத்தியானம் போனபோது பின்னறையில் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்திருந்தது. நான் சத்தம் போடாமல் மூலை ஸ்டூலில் உட்கார்ந்தேன். தம்பி கைப்பிடி வைத்த ஒரு குட்டி லென்ஸை அவர் கண்ணுக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். முதலில் அவர் இது நல்லா இருக்கு என்றார். தம்பி எதையோ மாற்றினான். அப்புறம் அது நல்லா இருக்கு என்றார். மறுபடியும் மாற்றினான். டிரைவருக்கு வேர்த்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். இப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"தப்பே இல்ல," என்றான் தம்பி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன். இதான் உங்க பவர்."

டிரைவர் போனதும் அது என்ன கணக்கு என்று கேட்டேன். விளக்கைப் போட்டபடி சொன்னான். பவர் தப்பாக இருக்கிறவரைக்கும் ஒன்று நன்றாகத் தெரியும், ஒன்று மங்கலாகத் தெரியும். சரியான பவருக்கு வந்துவிட்டால் அந்த லென்ஸை எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்கு மேல் தேடுவதற்கு எதுவும் கிடையாது.

"அந்த டிரைவர் சொன்னா பவர் கிடைச்சிடுச்சு. உன் பொண்ணு சொன்னா மட்டும் ஆசை விட்டுப் போச்சாடா?"

அது கண்ணு, இது வந்து, என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடியும் போட்டுக்கொண்டான். அப்போ எந்த முகாம்க்கா என்றான். ஸ்டூலைத் தூக்கி அடித்திருப்பேன். மணல்காரர் நம்பரை அமுக்கி, போனை அவன் காதில் வைத்தேன். பேசிவிட்டான்.

நானும் கூடப் போனேன். இல்லாவிட்டால் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று பஸ் நிலையத்திலேயே வாரம் முடிந்திருக்கும். மகள் வழியில் ஏறிக்கொண்டாள். ஆளைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தம்பியின் காது அப்படியே இருக்கிறது அவளுக்கு. பாதித் தூரம் போனதும் தம்பி ஜன்னலைப் பார்த்தபடி, உனக்கு நீச்சல் தெரியுமான்னு எனக்குத் தெரியாதும்மா என்று போட்டு உடைத்தான். அவள் யோசித்துவிட்டு, சுமாராகத் தெரியும், உங்களுக்குத் தெரியுமான்னு எனக்கும் தெரியாதேப்பா என்றாள். இவன் சின்ன வயசில் மீன் மாதிரி நீந்துவான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புதுசாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மணல்காரர் ஜலதோஷம் பிடித்த, வெயிலில் கறுத்த மனிதர். முகாமில் எங்களைத் தவிர ஆளே இல்லை. அலை முட்டி உயரம். இதுக்குப் பெயர் அலையா, எங்க வீட்டுத் தொட்டியில் இதைவிட எழும்பும் என்றேன். முதல் தடவைக்கு இதுதான்மா என்று சொல்லி இரண்டு பலகைகளை எடுத்து வந்தார். தம்பி ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். அவன் கரையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறானாம். முதலிலிருந்தே அதுதான் அவன் திட்டம். தூரத்தை விசாரித்ததெல்லாம் மகளைக் கரையிலிருந்தே பார்க்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

மகள் முகம் விழுந்துவிட்டது.

"அலை மட்டும் போதும்னா ஃப்ரெண்ட்ஸோட போயிருப்பேனேப்பா. உங்களோட கத்துக்கணும்னுதான் கேட்டேன்."

தம்பி தடுமாறினான். அவனுடைய பவர் மைனஸ் ஒன்பது. கண்ணாடி இல்லாவிட்டால் என்னையும் அலமாரியையும் குரலை வைத்துத்தான் பிரித்துச் சொல்வான். கண்ணாடியோடு கடலுக்குள் போக முடியாது, கழற்றினால் எதுவுமே தெரியாதும்மா என்றான். நான் சொல்றேன்பா என்று அவளே அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பலகையின் கயிற்றை அவன் கணுக்காலில் கட்டிவிட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். மணல்காரர் பக்கத்தில் நின்று பலகையில் படுக்கச் சொன்னார், துடுப்புப் போடுகிற மாதிரி கையைத் தள்ளச் சொன்னார், எந்த அலை வேண்டும் என்று நீங்களே முடிவு பண்ணணும் என்றார். எனக்குப் பக்கென்றது. இவனிடம் போயா இதைச் சொல்வது. நானும் சேலையை முட்டிவரை தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். பின்னால் ஓர் அலை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மகள் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"இதுவாப்பா, அடுத்ததா?"

தம்பி கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். அவனுக்கு அங்கே எதுவும் தெரிந்திருக்காது. பிறகு அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ரெண்டும் ஒண்ணுதான்மா," என்று சொல்லிவிட்டு, வந்த அலையிலேயே கையைத் தள்ளினான்.

எழுந்து நிற்கவில்லை. குப்புற விழுந்து, ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்து, இருமிக்கொண்டே தப்பான திசையைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. நான் அவன் கண்ணாடியை முந்தானையில் துடைத்தேன். அதில்தான் ஈரமே இல்லை.