கால் ஊன்றிய இடம்

என் மனைவி ஸ்கூட்டர் லைசென்ஸ் தேர்வில் தேறாமல் போனதற்கு நான்தான் காரணம். அவளிடம் இதைச் சொன்னதில்லை. அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. இனி எழுதத்தான் முடியும்.

கல்யாணமாகிப் போனபோது எங்கள் மகள் தன் ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போனாள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன், டவுன் பஸ்ஸிலேயே போய்வந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். வண்டி போர்வை மூடிக் கிடந்தது.

அந்தச் சமயத்தில், திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் இருந்த மனைவியின் அக்கா பக்கவாதத்தில் படுத்தார். தாயில்லாத இவளைத் தூக்கி வளர்த்தவர் அவர். வாரத்தில் இரண்டு நாள் இவள் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு காளவாசலில் பஸ் ஏறுவாள். இரண்டு பஸ் மாறி, இறங்கி நடந்து, அங்கே போய்ச் சேரும்போது கஞ்சி ஆறியிருக்கும்.

“வண்டியில போனா முக்கா மணி நேரம்ங்க. தெனமும் போயிட்டு வந்துருவேன். சும்மா கெடக்குற வண்டியத்தான கேக்குறேன்?” என்றாள்.

ஐம்பத்தாறு வயதில், ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். எடுத்தாள். தேர்வில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். எட்டு வடிவப் பாதையில், கால் தரையில் படாமல் வண்டியில் சுற்றி வர வேண்டும். கால் ஊன்றினால் போச்சு. அவள் அதை முதலில் நடந்து பழகினாள். விடிந்ததும் வாசல் தெளித்து, கோலத்துக்குப் பதிலாகத் தெருவில் பாதியை அடைத்து ஒரு பெரிய எட்டு போடுவாள். எங்கள் பக்கம் சர்க்கரை வியாதிக்காரர்கள் எட்டு வடிவில் நடப்பது வழக்கம். எதிர்வீட்டுப் பெண் அப்படித்தான் நினைத்துக் கேட்டாள்.

“என்னக்கா, சுகருக்கு நடையா?”

“ஆமா ஆத்தா. கூடிப்போச்சு.”

“அதுக்கு எதுக்கு வளைவுக்கு வளைவு கைய முறுக்குறீக?”

“கையிலயும் சுகர் இருக்குல்ல.”

ஒரு மாதம் காலிமனையில் வண்டியோடு பழகினாள். பேப்பரை விரித்துக்கொண்டு நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். கடைசி வாரத்தில் ஒருமுறைகூட அவள் கால் தரையில் படவில்லை. நான் பாராட்டவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், டீக்கடையில் எனக்குத் தெரிந்த ஒருவர் நாலு பேர் கேட்கச் சொன்னார்: “சாருக்கு இனிமே பின் சீட்டுதான். சார், வேட்டி சக்கரத்துல சிக்காம பாத்துக்கங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தேன். அதில் மகள் கட்டிய சின்ன மணி ஒன்று இருந்தது. சத்தம் வராமலிருக்கக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

காலையில் அவள் வீடு முழுக்கத் தேடினாள். அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தாள். நேரமாகிவிட்டது. “தேர்வு வைக்கிற எடத்துல டிரைவிங் ஸ்கூல் வண்டி வாடகைக்குக் கெடைக்கும்ல, அதுல ஓட்டு,” என்றேன். அது கனமான வண்டி, இருக்கையும் உயரம். அவள் குள்ளம். முதல் வளைவை ஒழுங்காகத்தான் எடுத்தாள். இரண்டாவது வளைவில் வண்டி சாய, இடது கால் தரையில் பட்டது. “ஊனிட்டீங்களேம்மா. அடுத்த தடவ பாப்போம்,” என்றார் அதிகாரி. நான் வேலியோரம் நின்றிருந்தேன். பையில் சாவி நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து, பூஜை அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். “நல்லவேளை, தொலையல,” என்று வாங்கி ஆணியில் மாட்டினாள். வண்டியை எடுக்கவில்லை. “எப்படி காலு கீழ போச்சுன்னே தெரியலங்க. ரோட்டுல லாரிக்கு நடுவுல இப்படி ஊனுனா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“அதான்,” என்றேன். அந்த ஒரு சொல்லோடு அவள் விட்டுவிட்டாள். எல்.எல்.ஆர். காலாவதியானது.

அவள் லாரியில் அடிபடுவாளோ என்று பயந்துதான் செய்தேன் என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் சாவியை எடுத்தபோது லாரியை நான் நினைக்கவில்லை, டீக்கடைச் சிரிப்பைத்தான் நினைத்தேன்.

அதே வருடம் ஒரு காலையில், அக்கா இவள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று போன் வந்தது. அவசரமாகக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். முதல் பஸ் நெரிசலில் நின்றது, இரண்டாவது பஸ் வரவே நேரமானது. மடியிலிருந்த தூக்குவாளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவள், “அன்னைக்கு மட்டும் கால ஊனாம இருந்திருந்தா, இந்நேரம் அக்காகிட்ட இருந்திருப்பேன்,” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனபோது அக்காவின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் சொல்லிவிட நினைத்தேன். சொன்னால் என் பாரம் குறையும், அவளுக்கு என்ன கிடைக்கும் என்று விட்டுவிட்டேன். அதுவும் எனக்கு வசதியான காரணம்தான்.

இப்போது எனக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். கோலமாவை எடுத்து, கோணலாக ஒரு எட்டு போட்டு நடக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வாசல் கூட்டிக்கொண்டே கேட்டாள்: “சார், உங்களுக்கு நெசமாவே சுகரா?”

“ஆமாம்மா.”

“அக்கா நடந்தது வண்டிக்குத்தான்னு எனக்கு அப்பவே தெரியும். அதுவே ஒருநா சொல்லுச்சு. லைசென்ஸ் வந்ததும் பின் சீட்டுல சாஞ்சுக்கிற கம்பி மாட்டணுமாம். சாருக்கு இடுப்பு வலி, சாயாம வர மாட்டாருன்னு சொல்லுச்சு.”

அவள் கூட்டி முடித்து உள்ளே போய்விட்டாள். நான் எட்டின் நடுவில் நின்றிருந்தேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது.